மூன்றாம் பிரதிக்கு உடம்பு சரியில்லை

மதிப்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து, அத்தைக்கு உங்கள் அண்ணன் மகள் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், அம்மா சுகம், கடையும் சுகம். கடைக்கு வருகிறவர்களின் கண்கள் மட்டும் சுகமில்லை, அதனால்தான் நாங்கள் சுகம். அங்கே நீங்களும் உங்கள் கற்களும் அச்சு இயந்திரமும் நலமாக இருப்பதாக நானே முடிவு செய்துகொண்டேன். நான்கு வருடமாக நீங்கள் ஒரு வரிகூட எழுதாததால் வேறு வழியில்லை.

நிற்க. நீங்கள் உட்கார்ந்தே படிக்கலாம், முதுகுக்குச் சுவர் இருந்தால் இன்னும் நல்லது, செய்தி அப்படி. எங்கள் கண்ணாடிக் கடையில் தொங்குகிறதே, நீங்கள் கல்லில் வரைந்து தாளில் ஒற்றியெடுத்த கல்லச்சுப் படம், கட்டத்துக்குள் கட்டம், அதற்குள் இன்னொரு கட்டம் என்று வெறும் கருப்புக் கோடுகளாகவே போய், நடுவில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்த மாதிரி வயிறு உப்பி நிற்குமே, மொத்தம் இருபத்துநான்கே பிரதிகள் அடித்து ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் எண் எழுதிக் கையெழுத்துப் போட்டு, மூன்றாவதை, அதாவது 3/24ஐ, அப்பாவிடம் கொடுத்தீர்களே, அந்த மூன்றாம் பிரதி இப்போது சாகக் கிடக்கிறது.

முதலில் கண்ணாடி உடைந்தது. மூக்குக் கண்ணாடி இல்லை, படத்தின் கண்ணாடி. (கண்ணாடிக் கடையில் கண்ணாடி உடைந்தால் எந்தக் கண்ணாடி என்று விளக்குவதற்கே அரை நாள் ஆகிறது.) பக்கத்துக் கடைத் தையல்காரர் பவர் பார்க்க வந்திருந்தார். அப்பா அவர் மூக்கில் அந்த வட்ட வட்டச் சோதனைச் சட்டத்தை மாட்டி, நாலு லென்ஸைச் செருகி, "கொஞ்சம் நடந்து பாருங்க" என்றார். நடந்தவர் நேரே படத்தின் முன்னால் போய் நின்றார். படம் அவரைப் பார்த்து ஒரு மூச்சு விட்டது. அவர் இரண்டு கையையும் நீட்டித் தடுத்தார். "நான் அதைத் தள்ளல சார், அதுதான் என்மேல வந்துச்சு" என்று இன்றைக்கும் சாதிக்கிறார். சரி, கண்ணாடிதானே போனது என்று விட்டிருக்கலாம். அம்மா விடவில்லை. "திறந்ததுதான் திறந்தாச்சு, ஒருதரம் துடைச்சுடுறேன், எத்தனை வருஷ அழுக்கு" என்று லென்ஸ் துடைக்கும் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டாள். நாற்பது கோடுகள் நரைத்துவிட்டன. ஈரம் காய்வதற்குள் பூச்சி வந்தது. ரசனையுள்ள பூச்சி, அத்தை. வெள்ளையைத் தொடவே இல்லை, கருப்பை மட்டும் நடுவிலிருந்து வெளியே வரிசை தவறாமல் தின்றுகொண்டு வருகிறது. படத்தின் வயிறு வற்றிப்போய், இப்போது பார்த்தால் பட்டினி கிடந்த சதுரங்கப் பலகை மாதிரி இருக்கிறது. பூச்சி விழட்டும் என்று நான் படத்தைத் தலைகீழாக மாட்டி வைத்தேன். மூன்று நாள் ஒருவருக்கும் தெரியவில்லை. எந்தப் பக்கம் மாட்டினாலும் ஒன்றுபோல இருக்கிற படத்தை வரைந்தது உங்கள் குற்றம். கீழே இருந்த உங்கள் கையெழுத்துதான் பாவம், மேலே போய்த் தலைகீழாகத் தொங்கியது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போன மாதம் கடைக்குத் தரை மாற்றினார்கள். படத்தை மாட்டிய அன்று நீங்கள் பின்பக்கமாகவே நடந்து போய், முன்னால் வந்து, அரை அடி நகர்ந்து, கடைசியில் ஓர் இடத்தில் நின்று, "அண்ணா, இங்க வா. இங்க நின்னா அசையாது" என்றீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்பா வந்து நின்றார். அப்புறம் நான் அவரைத் தள்ளிவிட்டு நின்றேன். ஓர் அடி முன்னால் போனால் படம் குதிக்கிறது, ஓர் அடி பின்னால் போனால் மொத்தமும் கலங்கிச் சாம்பலாகிறது, அந்த ஒரே இடத்தில் மட்டும் ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தெரிந்து அப்படியே நின்றது. கல்லில் வரைகிற உங்கள் மெழுகுக் குச்சியால் அந்தச் சிவப்புத் தரை ஓட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டீர்கள். அது எத்தனை தரம் துடைத்தும் போகவில்லை. இப்போது கொத்தனார் வந்து சிவப்பு ஓடு எல்லாவற்றையும் பெயர்த்து வண்டியில் ஏற்றிவிட்டார். தரை முழுக்க வெள்ளை. அந்த இடம் எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நானும் தினம் தேடிப் பார்க்கிறேன், தலைதான் சுற்றுகிறது.

உடனே, எங்களுக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அப்பா உங்களை நினைப்பதே இல்லை. வாடிக்கையாளர் அட்டைகள் இருக்கும் பெட்டியில் உங்கள் அட்டை ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு ஒருதரம் உங்கள் கண் சோதனைத் தேதி வரும்போது அதை வெளியே எடுத்து, மேசைமேல் வைத்து, சாயங்காலம்வரை பார்த்துவிட்டு, "வரவில்லை" என்று எழுதி உள்ளே வைக்கிறார். நாலு வரி ஆகிவிட்டது. இது தொழில் ஒழுங்கு, இதில் பாசம் எதுவும் கிடையாது. அம்மாவும் உங்களைத் தேடவில்லை. கடைக்குப் பின்னால் லென்ஸ் தேய்க்கும் அறையை ஒட்டி நீங்கள் இருந்த அறையைக் காலி செய்து சரக்கு வைக்கப் போகிறேன் என்று நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சாவி கிடைக்கவில்லையாம். சாவி அவள் இடுப்பில்தான் தொங்குகிறது.

உங்கள் விலாசம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். நான் திருடினேன். யாரோ உடைந்த சட்டத்தைச் சரிசெய்ய ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அந்தத் தாளில் உங்கள் கண்காட்சி பற்றி நாலு வரி, அடியில் உங்கள் பட்டறை விலாசம். அப்பா சட்டத்தை மறந்துவிட்டுத் தாளை நீவி நீவி மடித்தார். பிறகு அதைக் கத்தரித்து, ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து, இழுப்பறையின் ஆழத்தில் ஒளித்தார். என்னிடமிருந்து எதையாவது ஒளிக்க முடியுமா? கூட்டைத் திறந்தால் விலாசத்தோடு பவர் எழுதிக் கொடுக்கும் சீட்டுகள் ஆறேழு. எல்லாவற்றிலும் 'வலது கண்' என்று இருக்கிற இடத்தில் "பாப்பா" என்று எழுதியிருக்கிறது. 'இடது கண்' காலி. ஐம்பது வயதை நெருங்குகிற உங்களைப் பாப்பா என்று கூப்பிடுவதோடு கடிதம் நின்றுபோனால் அப்பா என்ன செய்வார், பாவம்.

நீங்கள் போனது எதற்காக என்று எனக்குத் தெரியும். வீட்டில் எல்லோரும் எனக்குத் தெரியாது என்று நினைப்பது எதுவோ அதுதான் எனக்கு முதலில் தெரியும். படத்தைப் பார்த்து மிரண்டுபோய், "ஐயையோ, கோடெல்லாம் அசையுதே, கண்ணு போச்சா" என்று கேட்டவர்களுக்கு எல்லாம் ஒரு கண்ணாடியை மாட்டி அனுப்பியிருந்தால் அப்பா இன்னும் இரண்டு கடை திறந்திருப்பார். அவரோ, "எனக்கும்தான் அசையுது. உங்க கண்ணு நல்லா இருக்கு, போய்ட்டு வாங்க. அது என் தங்கச்சி செஞ்ச வேலை" என்று திருப்பி அனுப்பினார். அந்தப் பெருமைதான் தலைக்கு ஏறியது. "இன்னும் ஒரு ஐம்பது அடிச்சுக் குடு பாப்பா, கண்ணாடி வாங்குறவங்களுக்கு எல்லாம் சும்மா குடுக்கலாம்" என்றார். நீங்கள் சாவகாசமாக, "கல்லை அழிச்சாச்சு அண்ணா. இருபத்திநாலுன்னா இருபத்திநாலுதான்" என்றீர்கள். "மூணு மாசம் குனிஞ்சு வரைஞ்சதை எதுக்கு அழிச்ச?" "அழிச்சாத்தான் அந்த இருபத்திநாலுக்கு மரியாதை." "எதை வச்சு அழிச்ச?" "நீ குடுத்த லென்ஸ் தேய்க்கிற பொடியை வச்சுதான்." அன்று அப்பா இரண்டு வேளை சாப்பிடவில்லை. தன் கையாலேயே பொடியை அளந்து கொடுத்திருக்கிறார் அல்லவா.

அதற்கப்புறம் அவர் செய்தது தப்பு, நான் மறைக்கவில்லை. படத்தைக் கழற்றிக்கொண்டு போய் இருபது ஜெராக்ஸ் எடுத்து, கண்ணாடி வாங்கியவர்களுக்குக் கொடுத்தார். நீங்கள் வெளியூர் போய்த் திரும்பிய அன்று தையல்காரர் தன் பிரதியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "உங்க கையெழுத்தோட சட்டம் போட்டு வச்சிருக்கேம்மா. முப்பத்தொண்ணு பை இருபத்திநாலு" என்று காட்டினார். இருபத்துநான்கில் முப்பத்தொன்றாவது. அதன் கீழே பென்சிலில் உங்கள் கையெழுத்து, வாலோடு, சுழியோடு. நீங்கள் சத்தம் போடவில்லை. "ஜெராக்ஸ் எடுத்ததுகூடப் போகட்டும். என் கையெழுத்தை நீயா போட்ட?" என்று மட்டும் கேட்டீர்கள். அப்பா கையில் இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதை மேசைமேல் வைத்துவிட்டு, "ஆமா பாப்பா, நான்தான்" என்றார். மறுநாள் உங்கள் அறை பூட்டியிருந்தது.

ஆகவே அத்தை, விஷயம் இவ்வளவுதான். நீங்கள் வந்து மூன்றாம் பிரதியை ஒருதரம் பார்க்க வேண்டும். பிழைக்குமா, பிழைக்காதா என்று சொல்ல உங்களால்தான் முடியும். எங்களைப் பார்க்க வேண்டாம். நீங்கள் கடைக்குள் வரும்போது நாங்கள் மூன்று பேரும் கண்ணை மூடிக்கொள்கிறோம், கண்ணாடிக் கடையில் கண்ணை மூடுவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்றாலும். நீங்கள் படத்தைப் பார்த்து, தரையில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, ஒரு குறி போட்டுவிட்டுப் போகலாம். மெழுகுக் குச்சியை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

அப்பாவின் ஆசீர்வாதம் இத்துடன் (அவருக்குத் தெரியாமல் எடுத்தது). அம்மாவின் அன்பும் இத்துடன் (நேரில் கேட்டால் நான் எதற்கு அனுப்பப் போகிறேன் என்பாள்). தையல்காரரின் மன்னிப்பும் உண்டு, கொஞ்சம் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்னும் புதுக் கண்ணாடி பழகவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வால்
(வயது பதினைந்து, இன்னும் ஒட்ட நறுக்கப்படவில்லை)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்காக நாக்கை நீட்டியவள் அப்படியே நிறுத்திவிட்டேன். படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அத்தை. தையல்காரர் எதையும் உடைக்கவில்லை. படத்தைக் கண்டால் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். அம்மா சட்டத்தை மட்டும், அதுவும் காய்ந்த துணியால்தான் துடைக்கிறாள். பூச்சி நான் பெற்ற பிள்ளை. உங்கள் கையெழுத்து நேராகத்தான் இருக்கிறது. உடம்பு சரியில்லை என்று எழுதினால் ஓடி வருவீர்கள் என்று நினைத்தேன், மனிதர்கள் யாருக்கும் உடம்பு சரியில்லை என்று எழுதப் பயமாக இருந்தது, அதனால் படத்தைப் படுக்க வைத்தேன். அட்டை நிஜம். சாவி நிஜம். சீட்டுகளும் நிஜம்.

கையெழுத்து அப்பா போட்டது இல்லை. நான் போட்டது. ஜெராக்ஸ் மொட்டையாக இருக்கிறதே என்று 25/24 தொடங்கி 44/24 வரைக்கும் எழுதி, உங்கள் சுழியையும் நாலு நாள் பழகிப் போட்டேன். எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். நீங்கள் கேட்ட நிமிடம் அந்தப் பென்சில் என் காதில் செருகியிருந்தது. அப்பா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் "நான்தான்" என்றார். அதற்குப் பிறகு என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "இனிமே உன் கையெழுத்தையே போடு" என்று மட்டும் ஒருநாள் சொன்னார். நாலு வருடமாக நான் எல்லோரையும் ஏமாற்றி விளையாடுகிறேன், இதை மட்டும் விளையாட்டாக்க முடியவில்லை.

தரை மாற்றியது நிஜம். ஆனால் வெள்ளைக்கு நடுவில் ஒரே ஒரு சிவப்பு ஓடு அப்படியே இருக்கிறது, உங்கள் குறியோடு. கொத்தனார், "ஒண்ணை மட்டும் விட்டா தூக்கிக்கிட்டு நிக்கும் சார், வர்றவங்க தடுக்கி விழுவாங்க" என்றார். அப்பா, "நிக்கட்டும்" என்றார். வருகிறவர்கள் எல்லோரும் தடுக்குகிறார்கள். தினமும் சாயங்காலம் கதவைப் பாதி இறக்கியதும், படத்துக்கு மேலே இருக்கும் விளக்கை மட்டும் விட்டுவிட்டு, அப்பா அங்கே போய் நிற்கிறார். அந்த ஓட்டின் மேல் நிற்பதில்லை, அதற்குப் பக்கத்தில், ஓர் ஆள் நிற்க இடம் விட்டு. அங்கிருந்து பார்த்தால் படம் கொஞ்சம் அசையும் என்று உங்களுக்கே தெரியும். அவர் நகராமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.