இரண்டு லட்சத்தைத் தொடக் கூடாத வண்டி

என் வண்டியைக் காப்பாற்ற அறிவியலின் துணையை நாடுவதென்று முடிவு செய்தேன். அறிவியல் அதுவரை என்னைக் கைவிட்டதில்லை. நான் அதன் பக்கம் போனதே இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வண்டி பழைய ஆட்டோமேட்டிக் கியர் கார். எனக்கு உயிர். ஆபீசுக்குத் தினமும் அதை ஓட்டிப் போகும் என் மனைவிக்கோ அதைக் கண்டாலே ஆகாது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் ஓர் உடன்பாடு ஏற்பட்டது.

"மீட்டர் ரெண்டு லட்சம் கிலோமீட்டர் காட்டற அன்னிக்கு வண்டியை வித்துடணும். சரியா?"

"காட்டினா வித்துடறேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நானா?"

இரண்டு லட்சத்துக்குக் கொஞ்ச தூரமே பாக்கி இருந்தது.

இங்கே ஒரு சிறு பாடம். கியர்பாக்ஸின் பின்பக்கம் பிளாஸ்டிக்கில் ஒரு குட்டிப் பல்சக்கரம் செருகியிருக்கும். அது சுற்றுவதை ஒரு கேபிள் டாஷ்போர்டுக்குக் கோள் சொல்லும். வேகம் காட்டும் முள்ளும் கிலோமீட்டரும் அந்தக் கோளைத்தான் நம்புகின்றன. பல் கூடினால் கடி கூடும் என்று நினைப்பீர்கள். இல்லை. பல் கூடினால் சக்கரம் மெதுவாகச் சுற்றும். மீட்டர் குறைவாகக் காட்டும். டயர் அளவை மாற்றுகிறவர்கள் கணக்குச் சரியாக வருவதற்காக ஏற்ற பல்சக்கரத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். நான் தப்பாக வருவதற்காகத் தேர்ந்தெடுத்தேன்.

மெக்கானிக் தயங்கினார். "இது உங்க டயருக்குச் சேராது சார். மீட்டர் கம்மியாக் காட்டும்."

"எவ்வளவு கம்மியா?"

"சார்?"

"இதைவிடப் பல் ஜாஸ்தியா ஒண்ணு இருக்கா?"

இருந்தது. அன்று முதல் வண்டி ஊர்ந்து போவதாக முள் சாதித்தது. மற்ற வண்டிகள்தான் ஏனோ பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

ஒரு மாதம் நிம்மதியாகப் போயிற்று. பிறகு மனைவி பெட்ரோல் போட்டுவிட்டு வந்தாள்.

"என்னங்க, ஒரு டேங்குக்கு முன்னே ஓடினதுல முக்கால்வாசி தூரம்தான் ஓடியிருக்கு."

"யாரு சொன்னா?"

"மீட்டர்."

"மீட்டரையெல்லாம் நம்பக் கூடாது."

"வேற யாரை நம்பறது, உங்களையா? இப்படிக் குடிக்கிற வண்டியை ரெண்டு லட்சம் வரைக்கும் வெச்சுக்க முடியாது. இந்த வாரமே வித்துடலாம்."

தூரமெல்லாம் ஓடியாயிற்று, மீட்டர்தான் மறைக்கிறது என்று வாய்வரை வந்தது. சொன்னால் தொலைந்தேன். "சின்ன ரிப்பேர்தான், பாத்துடறேன்" என்று மெக்கானிக்கிடம் ஓடினேன்.

"பழையதையே போட்டுடட்டுமா சார்?"

"வேண்டாம். இருக்கறதிலேயே பல் கம்மியானதைப் போடுங்க." மைலேஜைப் பார்த்து அவள் அசந்துபோக வேண்டும் என்பது என் ஆசை.

அசந்துதான் போனாள்.

"அடேயப்பா! இவ்வளவு மைலேஜ் குடுக்கிற வண்டியைச் சும்மா நிறுத்தி வைக்கலாமா?"

நிறுத்தவே இல்லை. தோழி வீடு, தோழியின் தையல்காரி வீடு, காற்று வாங்க, வாங்கிய காற்று போதாமல் மறுபடியும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் மீட்டர் ஓடுவதைப் பார்த்தேன்.

"கொஞ்சம் மெதுவாப் போயேன்."

"மெதுவாப் போனா கிலோமீட்டர் குறையுமா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அக்கா வீட்டுக்குக் கிளம்பினோம். வீடு வந்த பிறகும் நிறுத்தாமல் அந்தத் தெருவையே இரண்டு முறை சுற்றினாள். மூன்றாம் முறை வாசலுக்கு வந்தபோது ஒன்பதுகள் எல்லாம் ஒன்றாக உருண்டு பூஜ்யங்களாயின. எஞ்சினை அணைத்தாள்.

"ரெண்டு லட்சம்."

"இதுல ஒரு சின்னத் தப்பு இருக்கும்மா. நிஜத்துல அவ்வளவு ஓடலை."

"போன மாசம் என் ஆபீஸ் கிட்டக்க வந்துச்சு. இந்த மாசம் தள்ளிப் போயிடுச்சு. கட்டடம் அப்படியெல்லாம் நடமாடாதுங்க."

"அப்போ எல்லாம் தெரிஞ்சேதான்..."

"இறங்குங்க. வண்டி வாங்கறவரு அக்கா வீட்ல ஒரு மணி நேரமா காத்துக்கிட்டிருக்காரு."