ஆற்றின் மேல் நான் போட்ட பழி

ஓர் ஆற்றின் மேல் அநியாயமாகப் பழி போட்டவன் நான். திருப்பத்தூர்ப் பக்கத்து ஆறு அது. மழை விட்டுத் தெளிந்து, தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் கலங்கினால் அந்த நிமிடமே கம்பியில்லாமல் எங்கள் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் சென்சாரை, கரையோரக் குடிநீர் மோட்டாருக்குப் பக்கத்தில் இறக்குவதுதான் என் முதல் வேலை.

காரைக்குடியில் எங்களுடையது தச்சுவேலைக் குடும்பம். புது உளி வாங்கினால்கூடச் சந்தனம், குங்குமம் வைக்காமல் தொடமாட்டோம். இவ்வளவு அருமையான கருவியைச் சும்மா இறக்கலாமா? பிள்ளையார்பட்டிக்கு எடுத்துப்போய்க் கும்பிட்டு, அதன் நடுவில் பளபளத்த கண்ணாடி வட்டத்தில் பெரிதாகப் பொட்டு வைத்தேன். தண்ணீரில் கரைந்துவிடக் கூடாதே என்று மேலே செல்லோடேப் வேறு ஒட்டினேன். (பொறியியல் படித்தவன் அல்லவா!) அந்தக் கண்ணாடி வழியாகத்தான் கருவி தண்ணீரையே பார்க்கும் என்பது புத்தகத்தில் இருந்தது. என் மண்டையில்தான் இல்லை.

இறக்கிய மறு நிமிடமே அபாயச் செய்தி வந்தது.

"மோட்டாரை நிறுத்துங்க! ஆத்துல எவனோ கழிவைக் கொட்டிட்டான்!" என்று அலறினேன்.

மோட்டார் இயக்கும் செல்வி நிறுத்திவிட்டார். அன்றைக்கு ஊரில் கல்யாணம். அரிசி களையத் தண்ணீர் இல்லாமல் சமையல் அப்படியே நின்றது.

செல்வி என்னைவிட இளையவர். பதறவே இல்லை. சொம்பில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"தண்ணி பளிங்கா இருக்குண்ணே. எதைப் பார்த்துப் பயப்படுறீக?"

சேலையைச் செருகிக்கொண்டு இறங்கிக் கருவியைத் தூக்கினார். பொட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்கே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். நகத்தால் டேப்பை உரித்து, நன்றாகத் துடைத்து மறுபடி இறக்கினார். அளவு சரியாகிவிட்டது, மோட்டாரும் ஓடியது.

அதற்குள் ஊராட்சித் தலைவர் கோபமாக வந்து இறங்கினார். "யாரு நிறுத்தச் சொன்னது?"

என் வேலை போச்சு என்றே நினைத்தேன்.

"கருவி சொல்லுச்சு, நிறுத்துனேன்" என்றார் செல்வி. "கண்ணாடியில என்னமோ ஒட்டியிருந்துச்சு, எடுத்தாச்சு. நல்ல கருவிங்கய்யா, எதுவும் மறைச்சா உடனே கத்திருது."

ஒரு பொய்யும் இல்லை, என் பெயரும் இல்லை! எந்தக் கல்லூரியிலும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. பந்தியும் நேரத்துக்கு நடந்தது.

செல்வி இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் உளறியது நான்தான். போன மாதம் எனக்கு மூக்குக்கண்ணாடி வாங்கினோம். போட்டுப் பார்க்கலாம் என்று கூட்டைத் திறக்கிறேன், என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வந்து நிற்கிறாள்.

"எந்தக் கண்ணுல வைக்கட்டும்? டேப்பும் எடுத்தாந்திருக்கேன்."