ஜஸ்டஸ் பத்திரமாக வைத்த குடுவை

பொருளைத் தொலைப்பவர்களை மன்னித்துவிடலாம். தொலைந்த பொருள் என்றைக்காவது கட்டிலுக்கு அடியிலிருந்தோ பழைய ஸ்வெட்டர் பையிலிருந்தோ தானாக வந்து சேரும். நான் சொல்லவந்தது வேறோர் இனம்: பொருளைப் பத்திரமாக வைப்பவர். இவர் எதையும் தொலைத்தது கிடையாது. ஆனால் இவர் வைத்த எதுவும் திரும்பக் கிடைத்ததும் கிடையாது.

அடையாளம் சுலபம். கையில் ஒரு சாவியைக் கொடுங்கள். இருபுறமும் திருப்பிப் பார்த்து, “இது இங்க இருந்தா செரிப்படாதுங்க” என்பார். அத்தோடு சாவியை மறந்துவிட்டுப் பூட்டு உடைப்பவரைத் தேடத் தொடங்கலாம்.

குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதன் ஸ்டோர் கீப்பர் ஜஸ்டஸ் இந்த இனத்தின் திலகம். அவருக்குத் தெரியாமல் ரேஷன் கார்டை மனைவி எல்சா பருப்பு டப்பாவுக்குள் போட்டுவைத்திருப்பதால்தான் அந்த வீட்டில் பருப்பே இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கருவிகளைச் சரிபார்க்க எப்போதோ வாங்கிய சீசியத் துணுக்கு ஒன்று, காலாவதியாகி, ஈயக் குடுவைக்குள் கிடந்தது. கதிரியக்கக் கழிவு. குப்பையில் போட முடியாது. அதற்கென்று உள்ள அதிகாரிகள் வந்து எடுத்துப்போகும்வரை காக்க வேண்டும். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பொறுப்பை ஜஸ்டஸிடம் கொடுத்தார்கள். இதைவிடப் பொருத்தமான ஆள் உண்டா? அணு உலைக் கழிவை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் யார் கையிலும் சிக்காமல் வைப்பது எப்படி என்று உலகத்து விஞ்ஞானிகள் பாறைக்குள் சுரங்கம் தோண்டி மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஜஸ்டஸுக்கு ஒரு மத்தியானம் போதும்.

சீசியத்தின் வீரியம் பாதியாக முப்பது ஆண்டு ஆகும். ஜஸ்டஸின் ஞாபகத்துக்கு மூன்று நாள்.

போன ஜூனில் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை சிவகுரு என்ற அதிகாரி வண்டியோடு வருவார். குடுவையை ஒப்படைக்காவிட்டால் எக்ஸ்ரே அறைக்குச் சீல். சீல் வைத்தால், சரிவில் வழுக்கி விழும் தோட்டத் தொழிலாளி முறிந்த காலோடு ஊட்டிக்குப் பஸ் ஏற வேண்டும். வார்டு கூட்டும் தெய்வம்மாவின் புருஷன் வடிவேல் அப்படி விழுந்து, கணுக்கால் கட்டோடு வீட்டில் கிடந்தார். திங்கட்கிழமை அவருக்கு அடுத்த படம் எடுக்க வேண்டும்.

“பத்திரமா இருக்குதுங்க. எங்க போயிரும்?” என்றார் ஜஸ்டஸ்.

தேடல் தொடங்கியது. ஸ்டோர் பீரோவுக்குள் இரும்புப் பெட்டி. பெட்டிச் சாவி பிஸ்கட் டின்னில். டின் எங்கே என்று எழுதிய டைரி அவர் வீட்டில், மழைக்கு நனையாமல் நாலு பாலிதீன் பைக்குள், பாட்டுப் புத்தகங்களுக்குப் பின்னால். மூன்று நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலை, சிவகுருவின் முன்னிலையில் பெட்டி திறந்தது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு, ஜஸ்டஸின் அழகான கையெழுத்தில்: ‘பாதுகாப்புக் கருதி வேறிடத்துக்கு மாற்றப்பட்டுள்ளது.’

எந்த இடம் என்று எழுதவில்லை. எழுதிவிட்டால் அப்புறம் என்ன பாதுகாப்பு?

சிவகுரு அளவுகருவியோடு ஸ்டோர், சமையலறை, பிணவறை எல்லாம் நடந்தார். கருவி வாய் திறக்கவில்லை. டாக்டரைக் கேட்டார்கள், நர்ஸைக் கேட்டார்கள், ஓய்வு பெற்றுக் கோத்தகிரியில் இருந்த கம்பவுண்டரைப் போனில் கேட்டார்கள். விளக்குமாறும் கையுமாக நின்ற தெய்வம்மாவை மட்டும், வழியை மறிக்காமல் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

“எக்ஸ்ரே ரூம் பாத்தாச்சா?” என்றார் சிவகுரு.

“அங்க இருக்க வாய்ப்பே இல்லீங்க. ஆளுக வந்து போற எடம். அங்க யாராவது வெப்பாங்களா?” என்றார் ஜஸ்டஸ்.

மாலை நாலு மணிக்கு சிவகுரு பெருமூச்சோடு அரக்கும் நூலும் எடுத்தார். எக்ஸ்ரே அறைக் கதவை இழுத்தார். வரவில்லை. ஜூன் காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க அதற்கு ஒரு பச்சைக் கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

“இருங்க சார், அந்தக் கல்ல எடுக்கணும்,” என்று தெய்வம்மா முன்னால் வந்து, ஜஸ்டஸைப் பார்த்தார். “எடுக்கலாமா சார்? நீங்க யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லித்தானே வச்சீங்க. நான் இதுநாள்வர தொட்டதில்ல. சுத்திச் சுத்தித்தான் கூட்டிக்கிட்டு இருக்கேன்.”

“தொடாதீங்கம்மா,” என்று சிவகுரு மண்டியிட்டு, நகத்தால் சுரண்டினார். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குச் சுவரோடு சேர்த்து அடித்த பச்சைப் பெயின்ட் உரிந்து, அடியில் ஈயம் மின்னியது. அப்புறம் மூன்றிதழ் எச்சரிக்கைச் சின்னம்.

கருவியை வைத்து அளந்தார். குடுவையில் ஒரு கீறல் இல்லை, கசிவு இல்லை. பதினோரு ஆண்டுகள், ஆயிரம் கால்களுக்கு நடுவே.

“எங்கிட்ட யாரும் கேக்கலியே சார்,” என்றார் தெய்வம்மா.

ஜஸ்டஸ் மட்டும் கலங்கவில்லை. “நான் மொதல்லயே சொன்னனுங்களே, பத்திரமா இருக்குதுன்னு.”

குடுவை வண்டியேறியது. கதவு அடித்துக்கொள்ளத் தொடங்கியது. சிவகுரு ரசீது எழுதினார்: இது இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு எக்ஸ்ரே உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது. ஜஸ்டஸ் அதை வாங்கி, இருபுறமும் திருப்பிப் பார்த்தார். “இது இங்க இருந்தா…”

“இங்க குடுங்க சார்,” என்று தெய்வம்மா அதைப் பிடுங்கி, எக்ஸ்ரே அறைச் சுவரில் எல்லோரும் பார்க்க ஆணியில் குத்தினார். திங்கட்கிழமை அதற்குக் கீழேதான் வடிவேல் காலை நீட்டிப் படுத்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எங்கே இருக்கிறது? பாஸ்போர்ட்? போன மாதம் வீட்டில் கேட்டபோது, ‘பத்திரமாத்தான் வெச்சிருக்கேன்’ என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னீர்களாமே?

இப்போது எழுந்து போய்ப் பார்க்க வேண்டாம். வீடு கூட்டுபவரை முதலில் கேளுங்கள்.