சீனி கேட்கும் சங்கம்

பெண்கள் மீதான வன்முறை இந்த உலகத்திலிருந்து ஒழியப்போகிறது என்பதில் இனி யாருக்கும் ஐயம் வேண்டியதில்லை. அதற்கான படிவம் அச்சாகி வந்துவிட்டது. இருபத்தெட்டுப் பக்கம். பளபளப்பான தாள். அட்டையில் ஒரு பெண் கைகளை விரித்துச் சூரியனைப் பார்த்து நிற்கிறாள். சூரியனுக்குப் பக்கத்தில் நிகர்வெளி அறக்கட்டளையின் முத்திரை, சூரியனைவிடச் சற்றுப் பெரியதாக.

இந்தப் படிவத்தைத் தூத்துக்குடிக் கடற்கரைக்குக் கொண்டுசேர்க்கும் பெரும்பொறுப்பு நேசக்குமாரிடம் இருந்தது. உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி வீட்டுப் பிள்ளை; சமூகப்பணியில் முதுகலை; வயது முப்பத்திரண்டு; பதவி 'களத் திட்ட ஒருங்கிணைப்பாளர்'. நல்ல மனிதர். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஆபீசில் மற்றவர்கள் 'பயனாளி' என்று சொல்லும் இடத்தில் அவர் மட்டும் வாய்தவறி 'அந்த அக்கா' என்று சொல்லிவிடுவார். அதற்காக இரண்டு முறை திருத்தப்பட்டிருக்கிறார்.

வன்முறையைத் தடுக்கும் ஊர்க்குழுக்களுக்கு நிதி கொடுப்பதுதான் திட்டம். 'ஏற்கெனவே சிறப்பாக இயங்கும் குழுக்களைக் கண்டறிந்து வலுப்படுத்துக' என்று தலைமை ஆணையிட்டிருந்தது. அப்படித்தான் நேசக்குமார் சங்குமணலுக்குப் போனார். உப்பளங்களைத் தாண்டிக் கடலோரத்தில் நூற்றைம்பது வீடுகள். பக்கத்துச் சுகாதார நிலையத்து நர்சுதான் வழிகாட்டினார். "அங்கனயிருந்து மூணு வருசமா ஒரு பொம்பளையும் தலையில தையல் போட வாரதில்ல சார். என்ன செய்யுதாவன்னு போய்ப் பாருங்க."

இறால் உரிக்கும் கொட்டகையில் ஏழு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுநாயகமாக இருந்தவர் ஜெபசுதா, நாற்பத்தைந்து வயது, பேசும்போதும் கை நிற்காது.

"அக்கா, உங்க குழுவோட செயல்முறை என்ன?"

"செயல்முறையா? சீனி கேப்போம்."

நேசக்குமார் பேனாவை மூடினார்.

"அடிக்கிற சத்தம் கேட்டா, பக்கத்து வீட்டுக்காரி போயி, ஒரு தம்ளர் சீனி இருக்கான்னு கேட்டு உள்ள உக்காந்துருவா. அவ இருக்கும்போதே இன்னொருத்தி கருவப்பில கேட்டு வருவா. பொறவு நான் தீப்பெட்டிக்குப் போவேன். வந்தவ ஒருத்தியும் எந்திரிக்க மாட்டோம். ஏழாவது ஆளு உக்காரும்போது, அவன் சாரத்த மடிச்சுக் கெட்டிட்டு வெளிய போயிருவான்."

"போகலைன்னா?"

"போற வரைக்கும் பேசுவோம்" என்றாள் விஜிலா. அவள்தான் கூட்டத்தில் இளையவள். "ஒருத்தன் வீட்டுல ராச்சாப்பாடே ஆச்சு. அவனே எங்களுக்கு முட்ட பொரிச்சான்."

"மறுநாள் அவகிட்டத் தனியாக் கேப்போம்" என்றார் ஜெபசுதா. "ஸ்டேசனுக்குப் போகணுமா, அம்மா வீட்டுக்குப் போகணுமா, இங்கனயே இருக்கணுமான்னு. அவ சொல்லுதபடி செய்வோம்."

நேசக்குமாருக்கு மெய்சிலிர்த்தது. இவர்களுக்கு இல்லாமல் வேறு யாருக்கு நிதி? "உங்களுக்கு என்ன வேணும்க்கா?" என்று ஆர்வத்தோடு கேட்டார்.

"ஒரு ரூம்பு. வீட்டுக்குப் போக முடியாதவ புள்ளையளோட நாலு நாள் தங்குத மாதிரி. தாப்பாள் உள்பக்கமா இருக்கணும். இப்பம் எல்லாரும் எங்க வீட்டுலதான் படுக்காவ. எங்க வீட்டுக்காரவ படகுல போய்ப் படுத்துக்கிடுதாவ."

படிவத்தைப் புரட்டினார். 'பயிற்சி' இருந்தது. 'பதாகை' இருந்தது. 'பனியன்' இருந்தது. பகரத்தில் தொடங்கும் எல்லாம் இருந்தது, அறை இல்லை. "ரூம் இரண்டாம் கட்டத்துல வரும்க்கா" என்றார். முதல் கட்டத்தை முடித்தவர்கள் யாரும் இதுவரை இரண்டாம் கட்டத்தைக் கண்டதில்லை என்பதை அவர் சொல்லவில்லை. அவருக்கும் அது அப்போது நினைவில் இல்லை.

குழுவின் பெயர் என்ன என்ற கேள்வியில் முதல் தடங்கல். "பேரு என்னத்துக்கு? கூப்பிட்டா வந்துருவோம்லா" என்றார் ஜெபசுதா. நிதி பெயரில்லாதவர்களைத் தேடி வராது. ஆகவே 'சங்குமணல் பெண்கள் மற்றும் பெண்குழந்தைகள் மீதான வன்முறை தடுப்பு மற்றும் விழிப்புணர்வு மகளிர் குழு' என்று சூட்டப்பட்டது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று இறால் உரித்துவிடலாம் என்று விஜிலா உரித்தே காட்டினாள்.

"போன வருஷம் நீங்க தடுத்த வன்முறை எத்தனை?"

"நடக்காதத எப்படி சார் எண்ணுதது?"

"சரி, நிதி வந்தா அடி எத்தனை சதவீதம் குறையும்?"

"இப்பமே குறைஞ்சுதானே கெடக்கு!"

நேசக்குமார் சங்கடத்தோடு காதைச் சொறிந்தார். "அப்படி எழுதினா நிதி கிடைக்காதுக்கா. பிரச்சனை பெருசா இருக்கணும்."

"அப்படின்னா அடி கூடணுமா, குறையணுமா? ஒண்ணு தெளிவாச் சொல்லுங்க."

முதலில் கூடியிருக்க வேண்டும், பிறகு குறைய வேண்டும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். விஜிலாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "ஆறு மாசம் சும்மா இருந்துட்டு ஆரம்பிச்சிருக்கணும்ங்காவக்கா. நாமதான் அவசரப்பட்டுட்டோம்."

விண்ணப்பம் ஏற்கப்பட்டது. பனியன்கள் வந்தன. ஊதா நிறம். குழுவின் முழுப்பெயரும் முதுகில் அடங்காமல் வயிற்றுப்பக்கம் சுற்றி வந்து முடிந்தது. அடுத்து, தூத்துக்குடியில் ஒரு ஹோட்டலின் குளிர்ந்த கூடத்தில் மூன்று நாள் பயிற்சி. ஏழு பேரும் மூன்று நாளும் தங்கியிருந்து வரவேண்டும். ஒருவர் குறைந்தாலும் நிதி இல்லை.

"ரெண்டு பேராவது ஊர்ல நிக்கட்டுமே சார்" என்றார் ஜெபசுதா.

அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. நேசக்குமார் தலைமைக்கு எழுதினார். 'விதிவிலக்கு ஒரு முன்னுதாரணமாகிவிடும்' என்று பதில் வந்தது. இன்னொரு முறை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. "மூணே நாள்தானேக்கா" என்று சொல்லி வேனில் ஏற்றினார்.

பயிற்சியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் பெர்சி, 'வன்முறை என்றால் என்ன?' என்று திரையில் வட்டம் வட்டமாகக் காட்டினார். அடி வாங்கிப் பழகிய ஏழு பேரும் அது என்னவென்று குறிப்பெடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் நாடகப் பயிற்சி. ஏழு பேரில் ஒருத்தியான பேபிக்குப் 'பாதிக்கப்பட்ட பெண்' வேடம். பன்னிரண்டு வருடம் அதே வேடத்தில் இருந்தவள்தான். பாவம், சான்றிதழ் இல்லை.

"கொஞ்சம் இயல்பா அழுங்கம்மா" என்றார் பெர்சி.

"நான் அழுததே இல்லையே மேடம்" என்றாள் பேபி. "சேல முந்திய வாய்க்குள்ள திணிச்சுக்குவேன். புள்ள முழிச்சிருமுல்லா."

பெர்சி கடிகாரத்தைப் பார்த்தார். நல்லவேளையாக, நிகழ்ச்சிநிரல்படி அது தேநீர் நேரம்.

மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணி. தலைப்பு: 'உடனடித் தலையீடு'. கவனம் சிதறக்கூடாதென்று எல்லோருடைய செல்போன்களும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைக்கப்பட்டிருந்தன. கூடை அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. நான்காம் முறை ஜெபசுதா எழுந்துபோய் எடுத்தார்.

"ஆன்றோ ஏஞ்சலினப் போட்டு அடிக்கான்" என்றது பக்கத்து வீட்டுக்காரியின் குரல். "நான் ஒத்தையில போனேன், தள்ளிவிட்டுட்டான். ஏளா, ஒங்கள்ல ஒருத்தியும் இல்லியே!"

ஏழு நாற்காலிகள் ஒன்றாகப் பின்னால் நகர்ந்தன.

"உடனடித் தலையீடு முடிய இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கு" என்றார் பெர்சி. "கையெழுத்துப் போடாம போனா வருகை செல்லாதும்மா. சார், நீங்க சொல்லுங்க."

வருகைப் பதிவேடு நேசக்குமாரின் கையில்தான் இருந்தது. அவர் வாசலில் நின்றிருந்தார். ஏழு பேரும் அவரைப் பார்த்தார்கள். போகவிடச் சொல்லிக் கேட்கும் பார்வை இல்லை. விலகு என்னும் பார்வை. அவர் பதிவேட்டை மூடினார்.

"வேன் கீழ நிக்குது. வாங்கக்கா."

கையெழுத்து வாங்காமல் அவர் செய்த முதல் காரியம் அது.

வேனின் இரண்டு பக்கமும் பதாகை படபடக்க, சங்குமணலுக்குள் புகுந்தார்கள். சேலைக்கு மேல் ஊதாப் பனியன் போட்ட ஏழு பெண்கள் ஆன்றோவின் வீட்டை நோக்கி ஓடினார்கள். உள்ளேயிருந்து அவன் மனைவி ஏஞ்சலினின் குரல் கேட்டது. சன்னலில் ஆன்றோவின் முகம் தெரிந்தது. பனியனின் எழுத்துகளைத் தொலைவிலிருந்தும் படிக்கலாம் என்பது அவற்றின் தனிச்சிறப்பு. படித்தான். கதவைத் தாழிட்டான்.

"ஏலே ஆன்றோ, ஒரு தம்ளர் சீனி இருந்தாத் தாடா" என்று ஜெபசுதா மூச்சிரைக்கக் கதவைத் தட்டினார்.

"ஒங்களுக்குத்தான் ஃபண்டு வந்துருக்குலா! அதுல வாங்கிக்கிடுங்க!"

மூன்று வருடத்தில் அவர்கள் முகத்தில் ஒரு கதவும் இப்படி அடைபட்டதில்லை. விஜிலா கதவை நெம்பத் துடுப்பு தேடி ஓடினாள். பேபி சன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. பிறகு ஏஞ்சலினின் சத்தமும் நின்றுவிட்டது. நேசக்குமார் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கதவருகே போனார். தெரிந்த ஒரே பாஷையில் பேசினார்.

"வணக்கம். நிகர்வெளி அறக்கட்டளையிலிருந்து வர்றேன். இந்த ஊருக்கு 'ஆண் தோழமையாளர்' ஒருத்தர் நியமிக்கணும். மாசாமாசம் மதிப்பூதியம் உண்டு. ஆதார் நகல் மட்டும் போதும்."

தாழ்ப்பாள் அசைந்தது. கதவு திறந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டபடி, தலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டு, ஆன்றோ நின்றான்.

"எத்தன நகல் சார்?"

அவனுடைய இரண்டு தோள்களுக்கும் பக்கவாட்டில் ஏழு பெண்களும் உள்ளே போய்விட்டார்கள்.

ஏஞ்சலின் குசினிச் சுவரோரம் அடுப்படியில் சுருண்டு கிடந்தாள். வலது மணிக்கட்டு போகக்கூடாத திசையில் தொங்கியது. ஜெபசுதா அவள் தலையை மடியில் எடுத்து வைத்தார். ஏஞ்சலின் கண்ணைத் திறந்து, முதலில் கேட்டது தண்ணீர் இல்லை.

"மூணு நாளா எங்கக்கா போனிய?"

வாசல்படியில் நின்ற நேசக்குமாருக்கும் அது தெளிவாகக் கேட்டது.

அதே வேனில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கையில் மாவுக்கட்டுப் போட்டார்கள். மறுநாள் ஏஞ்சலின் சொன்னபடி மகளிர் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதினார்கள். ஆன்றோவைக் கூட்டிப்போக வந்த போலீசாருக்கு, அவன் தயாராக எடுத்துவைத்திருந்த ஆதார் நகல் மிகவும் உதவியாக இருந்தது. ஏஞ்சலினும் அவள் மகளும் ஜெபசுதாவின் வீட்டில் படுத்தார்கள்; ஜெபசுதாவின் கணவர் படகுக்குப் போனார். பனியன்கள் கொட்டகையில் இறால் தண்ணீரைத் துடைக்கும் பணியில் அமர்த்தப்பட்டன. நன்றாக உறிஞ்சுகின்றன என்று பேபி பாராட்டினாள். ஆனாலும் ஊர்க்கதவுகள் பழையபடி திறக்கச் சில மாதமாயிற்று. சீனி கேட்டுப் போனால், "ஃபண்டுக்காரிய வந்துட்டாவ" என்று ஆண்கள் உள்ளிருந்தே குரல் கொடுத்தார்கள்.

சம்பவத்தைக் கேள்விப்பட்டு, சென்னையிலிருந்து இயக்குநரே காணொளியில் வந்தார். மிகுந்த அக்கறையோடு விசாரித்தார்.

"ஒரு தெளிவு வேணும் நேசக்குமார். அந்தப் பயனாளிக்குக் கை முறிஞ்சது பயிற்சிக்கு முன்னாடியா, பின்னாடியா? முன்னாடின்னா, திட்டத்தோட தேவைக்கு அது சான்று. பின்னாடின்னா, 'கற்ற பாடம்'ல சேர்த்துடலாம்."

"அந்த அக்காவுக்கு முறிஞ்சது பயிற்சி நடந்துக்கிட்டிருக்கும்போது மேடம்."

இயக்குநர் நெடுநேரம் யோசித்தார். திரை உறைந்துவிட்டதோ என்று தோன்றும் அளவுக்கு யோசித்தார்.

"அதுக்கு அறிக்கையில கட்டம் இல்லையே?"

அன்று மாலை நேசக்குமார் அடிக்கோல் வைத்து, நிகழ்வு அறிக்கையில் தன் கையால் ஒரு கட்டம் போட்டார். 'பயிற்சியின்போது: 1' என்று எழுதினார். அடித்தவன் பெயர் காவல் நிலையத்தில் பதிவாகிவிட்டது. அறிக்கை கேட்டது வேறு: 'தடுக்க இயலாமைக்குக் காரணம்'. தொலைவு, போக்குவரத்து, மக்களிடையே விழிப்புணர்வின்மை என்று மூன்று விடைகள் அச்சிலேயே இருந்தன. ஒன்றை 'டிக்' செய்தால் போதும். அவர் மூன்றையும் விட்டுவிட்டு, ஓரத்தில் 'நாங்கள்' என்று எழுதி அனுப்பினார்.

இரண்டாம் நாளே அறிக்கை திரும்பி வந்தது. சிவப்பு மையில் குறிப்பு: 'தெளிவாக இல்லை. விரித்து எழுதவும்.'

விரித்து எழுதுவதில் பேர்போனவர் நேசக்குமார். நாற்பது பக்கத்துக்குக் குறைந்து அவர் எதையும் எழுதியதில்லை. இந்த முறை ஒரே வரி எழுதினார்: 'இந்த ஊரில் அடியைத் தடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஏழே பேர், அடியைத் தடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க, அந்த ஏழு பேரையும் நாங்கள் ஊரைவிட்டுக் கூட்டிப்போயிருந்தோம்.'