சுபிதா வெள்ளிக்கிழமையை மீட்ட படலம்

கருங்கல் ஊர்ச் சந்தைக்கு எதிர்மாடியில் அரசாள்பவளே, விசைப்பலகை ஏந்திய வீரமகளே, கல்யாண அழைப்புகளை இணையப் பக்கங்களாக வார்க்கும் சுபிதாவே, உன் புகழ் பாடத் தொடங்குகிறோம்! மின்வாரியத்துத் தேவர்களே, இக்கதை முடியும்மட்டும் கம்பிகளில் கைவையாது காப்பீராக!

தேங்காய்ப்பட்டணத்து ஹலீமா பீவி, சுபிதாவுடன் படித்த தன் மகள் தஸ்ரினின் மைலாஞ்சி என்னும் மருதாணிச் சடங்குக்கு நாள் குறித்து, அலைபேசி வழியே ஆணை பிறப்பித்தார்: “மே மாசம் ரெண்டாவது வெள்ளிக்கிழமை ராவு ஏழு மணி. நிக்காஹ் ஞாயிறு. ஜாஸிம் சார்ஜாவுல இருந்து நீ போடுத பக்கத்தப் பாத்துத்தான் டிக்கெட் எடுப்பான். நாளு தெத்திராத மக்கா!”

ஒரே தங்கையின் உள்ளங்கையில் மைலாஞ்சி இடும்போது அண்ணன் ஜாஸிம் அருகிருப்பானா என்ற பெருங்கேள்வி, இவ்வாறு சுபிதாவின் பத்து விரல்களின்மேல் வந்து அமர்ந்தது.

மே ஒன்பது, வெள்ளி. ஐந்தாம் மாதம் என்று ஐந்தை எழுதி, அம்பு தொடுத்த வில்லாளியெனச் சாய்ந்து அமர்ந்தாள். திரையிலோ ஜூன் எழுந்து நகைத்தது! நாட்களை ஒன்றிலிருந்தும் மாதங்களைச் சூனியத்திலிருந்தும் எண்ணும் விசித்திர வம்சம் அவள் எழுதும் கணினி மொழியின் தேதிகள். அவற்றின் நாட்டில் சனவரி பூச்சியம், மே நான்கு. இதை அறிந்த சுபிதா, ஐந்தை வெட்டி நான்கை நட்டாள். ஜூன் மண்ணைக் கவ்வியது.

ஆனால் அதன் பின்னே நின்றது மாயையில் வல்ல மற்றொரு பகை. மணி சேர்க்காமல் வெள்ளி பிறக்கும் நள்ளிரவை மட்டும் அவள் கொடுக்க, எழுத்தாக மாற்றும் வேளையில் இயந்திரம் அதை இங்கிலாந்தின் கிரீன்விச் கணக்குக்கு ஐந்தரை மணி நேரம் பின்னுக்கு இழுத்துச் சென்று, வியாழன் மாலை ஆறரை என்று பொறித்துத் திருப்பியது. அழித்தாள், எழுதினாள், வியாழன். மூடித் திறந்தாள், வியாழன். தலை வெட்டுண்டும் எழும் அரக்கனைப்போல் வியாழன், வியாழன், வியாழன்!

பக்கத்து நாற்காலிப் படைத்தலைவன் பிரைட்டன் டீயை உறிஞ்சியபடி உரைத்தான்: “இவ்வளவு அடிச்சுச் சொல்லுதே, ஹலீமா மாமிகிட்ட ஒருக்கா கேட்டுப் பாரேன்.”

“வெள்ளிக்கிழமைன்னா வெள்ளிக்கிழமைதாம்லே! இதுல கேக்க என்ன கெடக்கு?”

சீற்றம் அவன்மேல் அன்று. வீட்டிலும் வகுப்பிலும் அவள் சொன்னதை யாரும் முதல் தடவையில் நம்பியதில்லை, ‘நல்லாத் தெரியுமா?’ என்ற கேள்வி அவளுக்குள் ஒரு முள்ளாகவே வளர்ந்திருந்தது. இப்போது ஒரு பெட்டியும் அதையே கேட்கிறது. இந்தப் போரில் அவள் காக்க நினைத்தது தஸ்ரினின் மைலாஞ்சியையா, தன் சொல்லையா என்பதை அவளே பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்க அஞ்சினாள் என்பதே மெய்.

இறுதியில் ‘இந்திய நேரம்’ என்னும் பேராயுதத்தைத் தேடி எடுத்து ஏவினாள். வியாழன் வீழ்ந்தது! மே ஒன்பது, வெள்ளி, மாலை ஏழு மணி எனத் திரை ஒளிர்ந்தது! கீழே சந்தையின் மீன்வண்டிகள் வெற்றிச் சங்கென ஒலிக்க, பக்கம் கடல் கடந்தது. அதைக் கண்ட ஜாஸிம் வெள்ளி மதியம் வந்திறங்கும்படி டிக்கெட் எடுத்தான்.

ஒருவாரம் கழிந்து அப்பக்கத்தைத் திறந்து பார்த்த ஹலீமா பீவி அலைபேசியில் இடியென முழங்கினார்: “ஏட்டி சுபிதா, வெள்ளிக்கிழமை ராவுன்னா வியாழக்கிழமை ராவாக்கும்! பொழுதடைஞ்சு மகரிபுக்குப் பாங்கு சொன்னா வெள்ளி பெறந்தாச்சுல்லா! நாங்க அப்படித்தான பறைவோம்?”

மேலைக்கடலில் சூரியன் அமிழும் ஆறரை மணி. இயந்திரம் முதலில் பொறித்த அதே ஆறரை மணி. ஒன்றும் அறியாமலே சரியாகச் சொன்ன பகைவனைத் தன் கையாலேயே திருத்தியிருந்தாள் வீரமகள்.

சொந்தங்கள் அனைவருக்கும் வாய்மொழி அழைப்பு முன்பே போயிருந்தது. எவரும் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை. எனவே நாளை மாற்ற வழியில்லை. சார்ஜா முதலாளி என்னும் மாமலையோ, கொடுத்த லீவை ஒரு நாள் முன்னே நகர்த்த அசைந்து கொடுக்கவில்லை.

மைலாஞ்சிக்கு ஜாஸிம் வீடியோ காலில் வந்தான்.