சாய்ந்த கம்பமும் சந்தேகச் சொல் பிரிவும்

ஒரே ஒரு ஊரிலே, தெருவிளக்குகளைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆபீஸ் இருந்ததாம். விளக்கு எரியாவிட்டால் அங்கே யாரும் கவலைப்படுவதில்லை. கடிதத்தில் இங்கிலீஷ் தப்பாகிவிட்டால் மட்டும் மானம் கப்பலேறிவிடும்.

ஆகவே, பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இங்கிலீஷ் சொற்களைப் பிரித்தறியும் பொருட்டு, மேலதிகாரி 'சந்தேகச் சொல் பிரிவு' ஒன்றைத் திறந்துவைத்தார். சந்தேகம் தீரும்வரை சம்பந்தப்பட்ட வேலை நிற்கும். பிரிவின் தலைவராக, ஆபீஸுக்கு டை கட்டி வருகிற ஒரே ஆசாமியைப் போட்டார்கள். வேறு தகுதி கேட்டால் அவர் மனசு புண்படுமே என்று கேட்கவில்லை.

இந்த நேரம் பார்த்து ஒரு விளக்குக் கம்பம் சாய்ந்தது. அதுவும் இஸ்திரிக்காரம்மாவின் தகரக் கூரைக்கு நேராக. உள்ளே நடக்கமுடியாத மாமியார் படுத்திருந்தாள்.

"சார், எப்ப வேணா விழுந்துடும். ஆளை அனுப்புங்க" என்று ஆபீஸில் வந்து நின்றாள் இஸ்திரிக்காரம்மா.

"உங்க மனுவை இங்கிலீஷ்ல மாத்தியாச்சும்மா" என்றார் டைக்காரர். "ஒரே ஒரு சொல்லுதான் மாட்டிக்கிச்சு. கம்பம் வீட்டை அஃபெக்ட் பண்ணுதா, எஃபெக்ட் பண்ணுதா?"

"வீட்டு மேல விழப்போகுது சார்."

"அது தமிழ்ல. நான் கேக்கிறது இங்கிலீஷ்ல."

"இங்கிலீஷ் தெரியாமயே அது பாட்டுக்குச் சாயுதே சார்!"

டைக்காரருக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொன்னால் பிரிவையே மூடிவிடுவார்கள். எனவே நேரில் பார்வையிடுவதெனத் தீர்மானிக்கப்பட்டது. மேலதிகாரி முதலானோர் கம்பத்தடியில் கூடி, தத்தம் மேலான கருத்துகளைத் தெரிவித்தனர். டைக்காரர் ஆழ்ந்த யோசனையில் கம்பத்தின்மேல் சாய்ந்தார்.

கிறீச்சென்று சத்தம் கேட்டதுதான் தாமதம், இஸ்திரிக்காரம்மா மாமியாரை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். கம்பம் விழுந்து பாதிக் கூரை போயிற்று.

"நல்லது" என்றார் மேலதிகாரி, தூசியைத் தட்டிக்கொண்டே. "இனி இது சாய்ந்த கம்பம் இல்லை, விழுந்த கம்பம். நம்ம பிரிவுல வராது." எல்லோரும் காரில் ஏறிவிட்டார்கள்.

தெரு கொதித்தது.

"விடக்கூடாதுக்கா! இப்பவே புகார் எழுதுவோம்" என்றார் மளிகைக்கடைக்காரர்.

"தமிழ்லயே எழுதுங்கண்ணே."

"நீங்க சும்மா இருங்கக்கா. தமிழ்ல எழுதினா எவன் மதிப்பான்?"

எழுத ஆரம்பித்தவர் இரண்டாவது வரியிலேயே பேனாவை நிறுத்தினார். "ஆமா, இங்க லாஸ் வரணுமா, லூஸ் வரணுமா?"

தெரு இரண்டு கட்சியானது. எந்தக் கட்சியிலும் சேராதவர்கள் போனை எடுத்துத் தேடினார்கள். மழை தூற ஆரம்பித்தது.

"யாராவது இந்தத் தகரத்தை ஒரு பக்கம் பிடிங்கப்பா. அத்தை நனையறாங்க."

நன்றாக இங்கிலீஷ் தெரிந்தவரைக் கேட்டுவருவதாக ஒவ்வொருவராய்க் கிளம்பினார்கள். கடைசியாக நின்ற மளிகைக்கடைக்காரரும், "இதோ வந்துட்டேன்க்கா, அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்டுட்டு..." என்றபடி நடையைக் கட்டினார்.