அண்ணாச்சி கனவில் கண்ட வரிசை

நர்ஸ் ஐஸ்வர்யா வந்து உட்கார்ந்து வெகுநேரமாகியும் ஓர் ஆள் எட்டிப் பார்க்கவில்லை. வாரம் ஒருநாள் நடக்கும் கிளினிக்கின் வாசலில் நாற்காலி போட்டிருந்த முத்துமணி அண்ணாச்சிக்கு உப்பளக் காற்றில் கண் சொருகியது. சொருகினால் எப்போதும் ஒரே கனவுதான். அந்த வாசலில் தொடங்கும் ஒரு வரிசை, வெள்ளை உப்புக் குவியல்களைச் சுற்றி வளைந்து, கடலில் கால் நனைத்து நிற்கும். முத்துக்குளித்து எழுந்தவர்கள்கூட மூச்சு வாங்கியபடி அதில் நிற்பார்கள்.

"அண்ணாச்சி, இந்த மாசமும் ஆள் வரலைன்னா கிளினிக்கை வேற ஊருக்கு மாத்திருவாங்க."

நர்ஸின் குரலில் கனவு கலைந்தது.

கிளினிக்கை நடத்த ஊரில் ஒரு கமிட்டி உண்டு. தனித் தலைவர் கிடையாது, எல்லாரும் சேர்ந்தே நடத்த வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். படகுக்காரர்களுக்கு செபாஸ்டின், உப்பளப் பெண்களுக்கு இசக்கித்தாய், கடைத்தெருவுக்குப் பலசரக்குக் கடை முத்துமணி. அண்ணாச்சிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்து நடத்தும் சுபாவம்.

"நேரம் சரியில்ல. படகு கரைக்கு வந்த பொறவு வைப்போம்," என்றார்.

அந்த நேரத்துக்கு ஒரு படகுக்காரர் வந்தார். கல்லாவில் பழகிய வாய் சும்மா இருக்குமா?

"வாங்க, வாங்க. என்ன செய்யுது?"

அவர் காதோரம் முணுமுணுத்தார். கடையில் உள்கட்டுக்குச் சரக்குச் சொல்லும் அதே குரலில் அண்ணாச்சி, "சிஸ்டர், மூலம் ஒண்ணு," என்றார்.

எதிர் டீக்கடையில் டீ ஆற்றிய கை அந்தரத்தில் நின்றது. படகுக்காரர் மருந்து வாங்காமலே கடலைப் பார்த்து நடந்தார்.

"இடந்தான் சரியில்ல," என்றார் அண்ணாச்சி.

கிளினிக் உப்பளக் கொட்டகைக்குப் போனது. நாற்காலியும் கூடவே போனது. "சிஸ்டர், அரிப்பு ரெண்டு. ஒண்ணு பழசு," என்ற குரல் பாத்தி பாத்தியாகத் தாண்டிப் போனது. இரண்டு பெண்களும் முக்காட்டை இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

"விளம்பரம் பத்தல," என்று அடுத்த வாரம் மைக் கட்டினார். அதற்குப் பிறகு ஈ, காக்கைகூட வரவில்லை.

செபாஸ்டினும் இசக்கித்தாயும் சேர்ந்தே கடைக்கு வந்தார்கள்.

"ஸ்ரீவைகுண்டத்துல கிளினிக் ஜோரா நடக்காம் அண்ணாச்சி. ஒரு எட்டு பாத்துட்டு வாங்களேன்," என்றார் செபாஸ்டின்.

"மூணு பேருமா போவோம்."

"நாங்க எதுக்கு? நீங்க போனா ஊரே போன மாதிரி," என்றாள் இசக்கித்தாய், புளி மூட்டையைப் பார்த்தபடி.

அண்ணாச்சிக்கு உச்சி குளிர்ந்தது. கிளினிக் நாளன்று சலவை வேட்டியில் கிளம்பியவர், தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் அசந்துவிட்டார். கண் விழித்தபோது ஸ்ரீவைகுண்டம் பஸ் போய்விட்டிருந்தது. ஊருக்கே திரும்பினார்.

உச்சி வெயிலில் உப்புக் குவியல்கள் ஆவியாய் மிதந்தன. கிளினிக் முதலில் நடந்த பழைய கட்டடத்து வாசலில் வரிசை. படகுக்காரர்கள், உப்பளப் பெண்கள், டீக்கடைக்காரர். பெஞ்சில் தொடங்கிய தூக்கம் இன்னும் தெளியவில்லை என்றே நினைத்தார். கனவு கலைந்துவிடாமல் இருக்க, ஓசைப்படாமல் போய்க் கடைசியில் நின்றுகொண்டார். பிறந்ததிலிருந்து முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தி, முன்னால் நின்ற பெரியவரிடம் கேட்டார்.

"எப்படி வே இம்புட்டுக் கூட்டம்?"

கண்புரை மூடிய கண்ணால் அவரைத் தடவிப் பார்த்த பெரியவர் சொன்னார்: "வெளிய சொல்லிராதீரும், அந்த அண்ணாச்சிய பஸ் ஏத்தி விடத்தான் நர்ஸம்மா, கமிட்டி, ஊரு எல்லாம் ஒண்ணா சேந்துச்சு, அவரு திரும்பி வாரதுக்குள்ள காட்டிட்டுப் போயிருவோம்."